பாறையில் விழுந்த மூட்டை

வருஷக் கடைசி விடுமுறைக்கு முந்தைய வாரம் தையல்காரியின் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கேட்டால், "விடுமுறை முடியட்டும்" என்று வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவாள். உள்ளே தரை முழுக்கக் காப்பிப்பொடி டப்பாக்கள், கம்பளிக் குல்லாய்கள், சோப்புக் கட்டிகள், படித்து முடித்த வாரப் பத்திரிகைகள், பிஸ்கட் தகரங்கள். எல்லாம் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. அவற்றை வைக்கோலுக்கு நடுவே அடுக்கிக் கித்தான் துணியில் மூட்டையாகத் தைப்பாள். கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் மூன்று கலங்கரை விளக்கங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூட்டை.

இந்த வழக்கத்தை ஆரம்பித்தவன் அவளுடைய தம்பி. தபால் பைகளைக் கொண்டுபோகும் சின்ன விமானத்தை ஓட்டுகிறவன். துறைமுகத்தில் எல்லோருக்கும் அவன் 'சிட்டு'. ஒரு குளிர்காலத்தில் மூடுபனிக்குள் திசை தெரியாமல் கடலுக்கு மேல் தவித்துக்கொண்டிருந்தவனுக்குக் கலங்கரை விளக்கின் வெளிச்சம்தான் வழி காட்டியது. பிழைத்து வந்தவன் அந்த விடுமுறையன்றே ஒரு பையில் காப்பிப்பொடியும் பத்திரிகைகளும் கட்டி எடுத்துப்போய், மேலேயிருந்து போட்டுவிட்டு வந்தான். அடுத்த வருஷம் அக்காவும் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ வண்டியை ஓட்டுவியா, மூட்டையைத் தள்ளுவியா? ரெண்டையும் நீயே பண்ணினா மூட்டை மேல நிக்கும், நீ கீழ போயிடுவ" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவறவில்லை. விமானம் தாழ வரும்போது கீழே முற்றத்துக்கு ஓடிவந்து கை அசைப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்தால் அவளுக்கு அடுத்த பல நாட்களுக்குத் தையல் இயந்திரம் தானாகவே ஓடுவதுபோல் இருக்கும்.

அந்த வருஷம் காலையிலிருந்தே காற்று சரியில்லை. முதல் இரண்டு இடங்களிலும் மூட்டைகள் ஒழுங்காக விழுந்தன. மூன்றாவது, கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்த பாறை. அதில் கோபுரம் ஒன்று, அதன் காலடியில் வீடு ஒன்று, இரண்டுக்கும் நடுவே சுற்றுச்சுவர் வைத்த முற்றம். வேறு ஒன்றும் இல்லை. புல்கூடக் கிடையாது. விளக்கைப் பார்த்துக்கொள்ளும் விளக்குக்காரரும், அவர் மனைவியும், சின்னப் பெண்ணும், ஓர் உதவியாளரும் வழக்கமாக அங்கே இருப்பார்கள்.

மூட்டை கடலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகச் சிட்டு கோபுரத்தை ஒட்டி மிகவும் தாழ வந்தான்.

"போடுக்கா!"

தையல்காரி மூட்டையைப் பக்கவாட்டுக் கதவின் விளிம்புவரை தள்ளிவிட்டுக் கீழே பார்த்தாள். முற்றத்தின் நடுவில் அந்தச் சின்னப் பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூழாங்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் இத்தனை இரைச்சலோடு ஒரு விமானம் வருகிறது, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொறுடா, பொறு! குழந்தை..." என்று அவள் கத்துவதற்குள் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. மூட்டை கையை விட்டுப் போய்விட்டது.

வீட்டுக்குள்ளிருந்து விளக்குக்காரர் ஓடிவந்தார். குழந்தையை அள்ளிச் சுவரோரம் எறிவதுபோல் தள்ளினார். அவர் நிமிர்வதற்குள் மூட்டை அவர்மேல் விழுந்தது. அப்படியே குப்புற விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

"திருப்புடா! ஆள் மேல விழுந்துடுச்சு!"

சிட்டு ஒரு வட்டம் அடித்துத் திரும்ப வந்தான். முற்றத்தில் விளக்குக்காரர் கிடந்த இடத்தில் அவர் மனைவி மண்டியிட்டுக் குனிந்திருந்தாள். மேலே ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இறங்குவதற்கு அங்கே ஒரு முழம் தட்டையான இடம் இல்லை. காற்று விமானத்தைப் பிடித்து உலுக்கியது.

"திரும்பியாகணும்க்கா. இனிமே நின்னா நாமும் போயிடுவோம்" என்றான். 

கரையில் இறங்கியதும் அவன் சொன்னான்: "கால் தடுக்கி விழுந்திருப்பார். மூட்டை பக்கத்துலதான் விழுந்துச்சு."

"என் கண்ணால பார்த்தேன்டா."

"நீ எவ்வளவு உயரத்துல இருந்து பார்த்த? காத்து வேற. உனக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும்."

"பெருசாத் தெரிஞ்சாலும் சிறுசாத் தெரிஞ்சாலும் மனுஷன் எந்திரிக்கல."

சிட்டு தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "சொன்னா உரிமத்தைப் பிடுங்கிடுவாங்கக்கா. எனக்கு வேற என்ன தொழில் தெரியும்? கொஞ்சம் யோசி. படகு எப்படியும் போகத்தான் போகுது, அவங்க பார்த்துக்குவாங்க."

"படகு அடுத்த மாசம் போகும். அதுவரைக்கும் குழந்தையை வச்சுக்கிட்டு அந்தம்மா யார்கிட்டடா போய் நிக்கும்?"

 அவள் தலையில் கட்டியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல் துறைமுக அலுவலகத்துக்கு நடந்தாள்.

துறைமுக அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தார். "இன்னைக்கு எந்தப் படகும் போகாதும்மா. இந்த அலையில பாறைக்குப் பக்கத்துல போனா படகும் சுக்குநூறாயிடும். காலையில பார்க்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உதவியாளருக்கு விடுமுறை குடுத்து அனுப்பினது நான்தான். அங்க அவரும் குடும்பமும் மட்டும்தான் இருக்காங்க."

அன்று சாயங்காலம் அவள் படகுத்துறைச் சுவரில் போய் உட்கார்ந்தாள். விளக்குகளுக்குச் சாமான் கொண்டுபோகும் படகின் தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பதால் அவருக்கு 'நங்கூரம்' என்று பெயர். கடலில் அவரைப்போல் ஆள் கிடையாது, கரையில்தான் அப்படி.

சூரியன் இறங்கிவிட்டது. வலப்பக்கத்து விளக்கு எரிந்தது. இடப்பக்கத்து விளக்கும் எரிந்தது. நடுவில், தூரத்தில், இருட்டாகவே இருந்தது.  நங்கூரம் சுருட்டைப் பற்றவைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

வானத்தில் கடைசி வெளுப்பும் போன பிறகு அந்த இடத்தில் ஒரு புள்ளி மினுங்கியது. அணைந்தது. மறுபடி மினுங்கியது.

"யாரோ மேல ஏறிட்டாங்க" என்றார் நங்கூரம்.

"அவரா?"

"அவரா இருந்தா நேரத்துக்கு ஏத்தியிருப்பார்."

காலையில் படகு கிளம்பியபோது அவளும் ஏறிக்கொண்டாள். "நீ எதுக்கும்மா?" என்று நங்கூரம் கேட்டார். "போட்டது நான். எடுக்கவும் நான் வரணும்" என்றாள். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

பாறையில் படகைக் கட்ட முடியாது. மேலேயிருந்து ஒரு கம்பத்தின் கயிற்றில் கூடையை இறக்குவார்கள், அதில் உட்கார வைத்துத் தூக்குவார்கள். அன்று அந்தக் கயிற்றுச் சக்கரத்தைத் தனியாளாகச் சுற்றியது விளக்குக்காரரின் மனைவி. தையல்காரி கூடையிலிருந்து இறங்கியதும் அந்தப் பெண்ணின் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

விளக்குக்காரர் அடுப்பங்கரையில் போட்ட மெத்தையில் சாய்ந்து கிடந்தார். வலது தோள் இடத்தை விட்டு இறங்கியிருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் முகம் சுருங்கியது. அப்படியும் அவளைப் பார்த்ததும், "வாங்கம்மா. தெரியாமத்தானே நடந்துச்சு. பரவாயில்ல" என்றார்.

அவர் மனைவி பாத்திரத்தைத் தரையில் வைத்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

அவரைப் பலகையில் கட்டிக் கூடையில் இறக்குவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. படகுக்காரர்களில் ஒருவரையும் விட்டுவிட்டுப் போக முடியாது, அந்த அலைக்கு எல்லாக் கையும் வேண்டியிருந்தது. விளக்கோ எரிந்தாக வேண்டும். விளக்குக்காரரின் மனைவி தனக்கு வேலை தெரியும் என்றும், தான் இருப்பதாகவும் சொன்னாள். ஆனால் ஓர் ஆள் தூங்கும்போது இன்னோர் ஆள் விழித்திருக்க வேண்டுமே.

"நான் இருக்கேன்" என்றாள் தையல்காரி.

அப்போதுதான் விளக்குக்காரரின் மனைவி அவளை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. சொல்லிக் குடுத்தா செய்வேன்."

மாற்று ஆள் வரும்வரை என்று பேச்சு. கடல் அடங்கவில்லை. நாட்கள் போய்க்கொண்டே இருந்தன.

வேலை தையல்காரியின் இடுப்பை ஒடித்தது. கோபுரத்தின் சுழல் படிகளில் எண்ணெய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். விளக்கு சுழல்வதற்கு ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி எடைக்கட்டியை மேலே ஏற்ற வேண்டும். அது மெல்ல இறங்கும், இறங்கியதும் மறுபடி ஏற்ற வேண்டும். பகலில் ஆளுயரக் கண்ணாடிகளைப் புகைக்கறை இல்லாமல் துடைக்க வேண்டும். விளக்குக்காரரின் மனைவி வேலையை மட்டும் பேசுவாள். "துணியை மாத்துங்க." "திரியைக் குறைங்க." "போய்ப் படுங்க." அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. மூட்டை அடுப்பங்கரை மூலையில் தையல் பிரிக்காமல் கிடந்தது.

சின்னப் பெண் மட்டும் அவள் பின்னாலேயே சுற்றியது. அவள் ஊசியில் நூல் கோப்பதை வாயைப் பிளந்து பார்த்தது. ஒருநாள் அது சுவரோரம் நிற்கும்போது தையல்காரி பின்னாலிருந்து கூப்பிட்டாள். "கண்ணு, இங்க வா." திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. தகரத் தட்டைக் கல்லில் ஓங்கித் தட்டினாள். குழந்தை கடலைப் பார்த்தபடியே நின்றது.

 முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அந்த உருவம் கண் முன்னால் வந்து நின்றது.

அவள் திரும்பியபோது, வாசற்படியில் குழந்தையின் தாய் நின்றுகொண்டிருந்தாள்.

"பிறந்ததுல இருந்தே இப்படியா?" என்று மெதுவாகக் கேட்டாள் தையல்காரி.

"இல்ல. முந்தின வருஷ விடுமுறை சமயத்துல இருந்து."

அந்தத் தாய் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் பேசாததெல்லாம் ஒன்றாக வந்தது.

"காய்ச்சல் வந்துச்சு. கொதிக்குது உடம்பு. கழுத்தைத் திருப்ப முடியல, தொட்டாலே அலறுது. எங்க வீட்டுக்காரர் கப்பலுக்குக் காட்டுற கொடியெல்லாம் ஏத்திப் பார்த்தார். அந்தப் புயல் நேரத்துல எந்தக் கப்பல் இந்தப் பக்கம் வரும்? அப்பதான் உங்க ஞாபகம் வந்துச்சு எனக்கு. விடுமுறைக்கு விமானம் வரும்னு. கட்டில்ல இருந்த வெள்ளை விரிப்பை எடுத்துட்டு வந்து முத்தத்துல விரிச்சு, நாலு மூலையிலயும் கல்லு வச்சேன். நடுவுல ரெண்டு துடுப்பைக் குறுக்கப் போட்டேன். மேலேருந்து பார்க்கிறவங்க, ஏதோ ஆபத்துன்னு போய்க் கரையில சொல்லுவாங்கன்னு."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த விரிப்பு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. 'பாருக்கா, குறி போட்டு வச்சிருக்காங்க நமக்காக!' என்று சிட்டு கூத்தாடியதும் நினைவிருந்தது. கரெக்டாக நடுவில் போட வேண்டும் என்று அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். துடுப்புகளின் மேலேயே போய் விழுந்தது. ஊருக்குத் திரும்பி எத்தனை பேரிடம் அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்!

"நான் குதிச்சுக் குதிச்சுக் கையை ஆட்டினேன்" என்றாள் அந்தத் தாய். "நீங்களும் திருப்பி ஆட்டினீங்க. சிரிச்சுக்கிட்டே போனீங்க. மூட்டையைப் பிரிச்சேன், ஒருவேளை மருந்து ஏதாவது இருக்குமோன்னு. பிஸ்கட்டு, சோப்பு, அப்புறம் குழந்தைக்கு ஒரு மவுத் ஆர்கன்."

 தையல்காரி கையிலிருந்த தகரத் தட்டைக் கீழே வைத்தாள்.

"காய்ச்சல் தானா விட்டுச்சு. அடுத்த படகு வர்றதுக்குள்ள காது போச்சு. எங்க வீட்டுக்காரர் அதையும் பரவாயில்லன்னுட்டார், கரையில யார்கிட்டயும் சொல்லல. அவருக்கு எல்லாமே பரவாயில்ல." அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மேகம் விலகியிருந்தது. விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த தையல்காரிக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. கீழே இறங்கி முற்றத்துக்கு ஓடினாள். சிட்டுதான். தனியாக வந்திருந்தான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வந்திருக்கிறான்.

அவளுக்கு அவனிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. எண்ணெய் குறைந்துகொண்டு வந்தது. விளக்குக்காரர் பிழைத்தாரா என்ற தகவல் இல்லாமல் அவர் மனைவி ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அவர் நலமா என்று கேட்கத் தையல்காரி தன் தோளைத் தட்டிக் காட்டினாள், மல்லாந்து படுத்துக் காட்டினாள், எழுந்து இரண்டு கைகளையும் விரித்தாள். எண்ணெய்க் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். பைத்தியக்காரிபோல் அங்கும் இங்கும் ஓடினாள்.

விமானம் வட்டமடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை எழுந்து சந்தோஷமாக அசைந்தது. இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை சாய்த்துவிட்டுச் சிட்டு கரைப் பக்கம் பறந்து போனான்.

அவள் குடத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"புரிஞ்சுதா அவருக்கு?" விளக்குக்காரரின் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல. நான் நல்லா இருக்கேன், குதிச்சு விளையாடுறேன்னு நினைச்சுட்டுப் போறான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து குடத்தின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள்.

இரண்டொரு நாளில் கடல் அடங்கி, நங்கூரம் மாற்று விளக்குக்காரரையும் அவர் குடும்பத்தையும் கொண்டுவந்து இறக்கினார். பழையவர் பிழைத்துவிட்டார். ஆனால் வலது கை தோளுக்கு மேல் தூக்க வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கோபுர வேலை இனி இல்லை. உள்நாட்டில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவாயிற்று.

கரைக்கு வந்ததும் தையல்காரி தம்பியின் வீட்டுக்குப் போய் அவனை உட்கார வைத்து, விரிப்பையும் துடுப்புகளையும் பற்றிச் சொன்னாள். அவன் முதலில், "நமக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான். பிறகு, "யாரும் சொல்லலையே" என்றான். பிறகு, "குறின்னு சொன்னது நான்தான்" என்றான். எழுந்து தானே துறைமுக அலுவலகத்துக்குப் போய், போன வருஷத்து விரிப்பையும், இந்தத் தடவை தான் எவ்வளவு தாழ வந்தான் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னான். உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அதைவிட அவனுக்குக் கஷ்டமாக இருந்தது மருத்துவமனைக்குப் போனது. விளக்குக்காரர் வழக்கம்போல் "பரவாயில்ல தம்பி" என்றார். அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிட்டு கதவருகில் நின்றுவிட்டு வந்தான்.

அவர்கள் ஊரை விட்டுப் போன அன்று தையல்காரி மட்டும் பேருந்து நிலையத்துக்குப் போனாள். எதையும் கொண்டுபோகவில்லை. எதைக் கொடுத்தாலும் தப்பாகிவிடும் என்று தோன்றியது. மூட்டை முடிச்சுகளை மேலே ஏற்ற உதவினாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஏறி உட்கார்ந்த பிறகு குழந்தையின் தாய் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "பாறைக்குப் போன புது ஆளுக்குக் குழந்தைங்க இருக்கா?"

"ரெண்டு. சின்னது இன்னும் தவழுது."

"அந்தம்மாகிட்ட யாராவது பேசினாங்களா? ஏதாவது ஒண்ணுன்னா மேலேருந்து பார்க்கிறவங்களுக்கு எப்படிக் காட்டணும், அதைப் பார்த்தா நீங்க என்ன செய்யணும், இதெல்லாம்?"

"இன்னும் இல்ல."

"பேசுங்க." பேருந்து உறுமியது. "உங்களை நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. ஆனா போய்ப் பேசுங்க."

அடுத்த வாரம் நங்கூரத்தின் படகில் அக்காவும் தம்பியும் போனார்கள். ஆகாயத்தில் எத்தனையோ வருஷம் பறந்தவனுக்குக் கடல் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி வழியிலேயே குடல் வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்தான். "சிட்டுக்குருவி தண்ணியில விழுந்தா இப்படித்தான்" என்று நங்கூரம் முதுகைத் தடவிவிட்டார். கூடையில் ஏறும்போது அவன் கயிற்றை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

முற்றத்தில் இறங்கியதும் சுற்றிலும் பார்த்தான். மேலேயிருந்து கைக்குட்டை அளவு தெரிந்த இடம்தான். நடந்து பார்த்தாலும் அவ்வளவுதான். கோபுரத்தின் நிழல் பாதி முற்றத்தை மூடியிருந்தது. ஒருவர் ஓடி ஒதுங்க வேண்டுமென்றால் சுவரைத் தவிர வேறு இடமில்லை.

"இவ்வளவு சின்ன இடத்துலயாக்கா நாம போட்டோம்?" என்றான்.

புது விளக்குக்காரரின் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வருகிற விடுமுறைக்கு என்ன வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார்கள் என நினைத்து, "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க, இருக்கிறதே போதும்" என்றாள்.

"அதைக் கேட்க வரலைங்க" என்றான் சிட்டு. முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். "வீட்டுல வெள்ளைத் துணி, கறுப்புத் துணி ஏதாவது இருக்கா? கொஞ்சம் எடுத்துட்டு வாங்க. உங்க வீட்டுக்காரரையும் கூப்பிடுங்க."

அவர்கள் நான்கு பேரும் முற்றத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். உடம்பு சரியில்லை என்றால் இப்படி, எண்ணெய் தீர்ந்தால் இப்படி, மூட்டை போடாதே என்றால் இப்படி என்று சிட்டு துணிகளை விரித்தும் மடித்தும் காட்டினான். பார்த்ததும் தான் என்ன செய்வான் என்பதையும் சொன்னான். தையல்காரி எழுந்து போய், விளக்கு மாடத்திலிருந்து பார்த்தால் எது எதுபோல் தெரிகிறது என்று மேலேயிருந்து கத்திச் சொன்னாள். இரண்டு தடவை அவள் சொன்னது தப்பாக இருந்தது. மறுபடி விரித்தார்கள். கீழேயிருந்து நங்கூரம் அலை ஏறுகிறது என்று சங்கு ஊதினார். சிட்டு எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்றான். "இன்னொரு தடவை முதல்லேருந்து பார்த்துடலாம்."